கம்பளி என்று நீ எழுதிய துணி

தம்பி, பெற்றவள் எழுதுகிறேன். பாக்கியம் அந்தத் துணிகளைக் கெடுக்கவில்லை. கெடுத்தது நீ. நூறு விழுக்காடு சுத்தக் கம்பளி என்று உன் இணையக் கடையில் எழுதி விற்றாய். அது கம்பளி இல்லை. எழுதியதை நம்பி, கம்பளிக்குப் போடுகிற சூட்டில் அவள் இஸ்திரி போட்டாள். துணி வீணாகிப் போனது. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் முன்னால் அவளுக்கு வேலை தெரியாது என்று பேச்சு வாங்கினாள். உண்மை தெரிந்த நீ, "வாங்கியவர்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்று பதில் எழுதினாய். இதுதான் நடந்த தவறு. இதற்கு முன்னும் பின்னும் நீ ஆயிரம் சொல்லலாம். சொல்லவும் செய்வாய். ஆனால் தவறு இவ்வளவுதான். இதைவிடச் சிறியதாக அதை மடிக்க முடியாது.

இதை வீட்டுக்குள் பேசித் தீர்த்திருக்கலாமே, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பாய். வீட்டுக்குள் பேசினேன். நீ சோறு தின்றுவிட்டுப் போய்விட்டாய். நீ பொய்யை ஊருக்கும் உலகத்துக்கும் சொன்னாய். உண்மையை மட்டும் நான் உன் காதுக்குள் சொன்னால் கணக்கு எப்படிச் சரியாகும்? உன் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரிந்தால் போதும். பாக்கியத்தின் பெயரை அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வேறு பெயர் வைக்கட்டுமா என்று கேட்டேன். "எம் பேரையே போடுங்கக்கா. கெட்டுப் போனது எம் பேருதான?" என்றாள்.

நீ விற்கிற பொருளை இந்தப் பத்திரிகை படிப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற, பின்பக்கம் முழுக்க மடிப்பு வைத்த கட்டம்போட்ட துணி. கில்ட் என்பார்கள். நம் பக்கம் சில பள்ளிகளில் பேக்பைப் என்கிற பைக்குழல் ஊதுகிற பேண்ட் குழு இருக்கிறது, பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு அணிவகுத்துப் போவார்கள். வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டாலும் அவர்கள் கட்டின துணி நம் பிள்ளைகளின் இடுப்பை விட்டுப் போகவில்லை. உண்மையான கம்பளியில் செய்தது தோட்டத்துக் குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். நீ மலிவாக விற்கலாம் என்று கண்டுபிடித்தாய். நல்ல யோசனை. நான் அன்றைக்கே சொன்னேன், நல்ல யோசனை என்று. கோயிலில் கமிட்டிக்காரர் ஒருவர், "என்னாக்கா, ஒங்க மகன் ஆம்பளைங்களுக்குப் பாவாட விக்கிறானாமே! சேல கட்டி விட்டா இன்னும் நல்லா ஓடும்லா" என்று கிண்டல் பண்ணினபோது, "நீங்க வேட்டின்னு கட்டுறது மட்டும் என்னா, கால் சட்டையா?" என்று கேட்டு அவர் வாயை மூடினேன். உன் தொழிலில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

மூட்டைகள் என் வீட்டு முன்கூடத்துக்குத்தான் வந்தன. கிள்ளான் துறைமுகத்திலிருந்து வேன் வரும். நீ உன் அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்றாய், நான் நாற்காலிகளைப் பின்பக்கம் தள்ளினேன். மூட்டையை அவிழ்த்து, வார்ப்பட்டையும் பக்கிளும் சரியாக நிற்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது, தளர்ந்ததைத் திரும்பத் தைப்பது, மடித்துப் பையில் போடுவது, இது என் வேலை. ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ஒரு துண்டு அட்டை தைத்திருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மிச்சத்தைப் பழைய பத்திரிகையிலும் பேருந்துப் பலகையிலும் படித்துக்கொண்டேன். ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகக் கூட்டுவேன். அ-க்-ரி-லி-க் என்று கூட்டி, "அக்ரிலிக்னா என்னாப்பா?" என்று உன்னிடம் கேட்டேன். நீ கைப்பேசியைப் பார்த்தபடி, "அதுவும் ஒரு வகை கம்பளிதாம்மா, புது வகை" என்றாய். நான் சரி என்றேன். அது கம்பளியே இல்லை, பிளாஸ்டிக்கிலிருந்து இழுக்கிற நூல் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊருக்குப் பொய் சொல்லுமுன் எனக்குச் சொல்லி ஒத்திகை பார்த்திருக்கிறாய்.

ஒரு நாள் என்னைத் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்து, அந்தத் துணியை மடியில் போட்டு, மடிப்பில் கை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தாய். "சும்மா ஒரு போட்டோம்மா, நல்லா இருக்கீங்க" என்றாய். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாய். கழற்றினால் எனக்கு ஊசி தெரியாதே என்றேன், ஊசி தெரிய வேண்டியதில்லை என்றாய். அந்தப் படத்தை உன் கடையின் முகப்பில் போட்டு, கீழே நீ எழுதியிருந்ததை உன் அக்கா எனக்குத் தமிழில் இப்படிச் சொன்னாள்: மலேசியத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், நான்கு தலைமுறையாக, என் தாய் ஒவ்வொரு மடிப்பையும் தன் கையால் வைத்துத் தைக்கிறாள். என் பாட்டி ஸ்காட்லாந்துத் துரைக்குத் தைத்தவள். இந்தக் கட்டம் எங்கள் எஸ்டேட்டைத் திறந்த துரை வம்சத்துக்கே உரிய கட்டம். முழு எட்டு கெஜம். சுத்தக் கம்பளி.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் ஒரு மடிப்பும் வைக்கவில்லை. மடிப்புகள் வெளிநாட்டுப் பட்டறையில் மெஷினில் அழுத்தி வந்தவை. எட்டு கெஜம் இல்லை. நான் தரையில் விரித்து அளந்தேன், ஐந்து தேறியது. கட்டம் எந்த வம்சத்துடையது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, பட்டறைக்காரனுக்கும் தெரியாது. அவன் அதற்கு வைத்திருந்தது ஓர் எண். உன் பாட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினாள். துரைக்குத் தைக்கவில்லை. துரை பங்களா இருந்த மேட்டுப்பக்கம் அவள் ஏறினதே இல்லை. தன் ரவிக்கைக்குப் பித்தான் தைக்கவே அடுத்த வீட்டில் கொடுப்பாள். லயத்தை நீ கண்ணால் பார்த்ததில்லை. எஸ்டேட்டை விற்று, லயத்தை இடித்து, நாங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு பிறந்தவன் நீ. எங்களுக்கு அங்கே மழை ஒழுகியது. அதை நீ எடுத்து அழகான சாமானாக்கி விலைப்பட்டியலில் வைத்தாய்.

இதில் ஒன்று நடந்தது, அதற்கு எனக்கு இன்னும் பெயர் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் உன் கடைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அதை நீ எனக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினாய். "அம்மா, உங்கள் கைகளுக்கு நன்றி. என் மகன் கல்யாணத்தில் இதை அணிந்தான். உங்களை நினைத்துக்கொண்டோம்." நீ சிரித்தாய். நான் என் கையைப் பார்த்தேன். பழைய வெட்டுத் தழும்பு இருந்தது, காலையில் நறுக்கின வெங்காயத்தின் வாடை இருந்தது. அந்தப் பெண் நன்றி சொன்ன கை அதில் இல்லை. அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். கேட்டேன். "எதுக்குப்பா இப்படி எழுதுற?" என்றேன். "மார்க்கெட்டிங்மா" என்றாய். அந்த வார்த்தையைப் போட்டால் கேள்வி நின்றுவிடும் என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பாக்கியத்தைப் பற்றி நீ மறந்திருந்தால் சொல்கிறேன். மறந்திருக்க மாட்டாய், அவள் வீட்டு மோரைக் குடித்து வளர்ந்தவன். எஸ்டேட் போன பிறகு கோலா சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு டோபிக் கடையில் வேலை பார்த்தாள். கடை மூடியதும் ஜெராம் போகிற ரோட்டோரத்தில் இருக்கிற தன் வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுக்கிறாள். பள்ளி ஆசிரியைகள் உடுத்துகிற பாஜு குரோங், வங்கிக்காரர்களின் சட்டை, கல்யாண வீட்டுச் சேலைகள். மாவட்ட அணிவகுப்புக்கு முன்னால் பேண்ட் வாத்தியார் உன் கடையில் வாங்கிய அந்தப் புதுத் துணிகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்திருக்கிறார். பையில் அடைத்து வந்ததால் எல்லாம் கசங்கியிருந்தன. பாக்கியம் கேட்டிருக்கிறாள், "இது என்னா துணி சார்?" அவர் உன் கடை அட்டையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். சுத்தக் கம்பளி. அவள் மறுபடியும் கேட்டிருக்கிறாள், "நிச்சயமா சார்?" "எழுதியிருக்குல்ல" என்றிருக்கிறார். எழுதியிருந்தது.

கம்பளியை எப்படித் தேய்ப்பார்களோ அப்படித்தான் செய்தாள். மடிப்புகள் நகராமல் நூலோட்டம் போட்டு, மேலே ஈரத்துணி விரித்து, நல்ல சூட்டில் அழுத்தி எடுத்தாள். ஈரத்துணியைத் தூக்கியபோது ஒரு மினுக்கு தெரிந்திருக்கிறது. கம்பளியிலும் ஈரம் இருக்கும்போது அப்படி மினுக்கும், காய்ந்தால் போய்விடும், அதனால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றையும் முடித்துக் கொடியில் போட்டாள். காய்ந்த பிறகு மினுக்கு போகவில்லை. மடிப்பு விளிம்பெல்லாம் நெளிந்து, கண்ணாடித் தாளைப்போல் பளபளத்து, துணி உயிர் இல்லாமல் தொங்கியது. என்ன பண்ணினேன், என்ன பண்ணினேன் என்று அவள் அந்தத் துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாளாம். அவள் மருமகள் சொன்னாள்.

பிள்ளைகள் விளையாட்டுக் கால்சட்டையோடு அணிவகுத்தார்கள். மறுநாள் பாக்கியம் துணிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே போனாள். பிள்ளைகளை ஏற்றிப்போக வந்த பெற்றோர்கள் நிற்க, வாத்தியார், "கம்பளியக்கூடத் தேய்க்கத் தெரியலன்னா எதுக்குங்க வேலைய எடுக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஓர் அம்மா கைப்பேசியில் படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டாள். அதற்குக் கீழே யாரோ எழுதினார்கள், பாட்டிக்குக் கண் தெரியவில்லை, இனிமேல் இவரிடம் கொடுக்காதீர்கள் என்று. வாத்தியார் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவரும் உன் அட்டையைப் படித்தவர்தான். அவர் உன் கடைக்குப் புகார் எழுதினார். நீ பதில் எழுதினாய். கம்பளியைக் கைதேர்ந்தவர்களிடம் கொடுத்துப் பராமரிக்கவும்.

அந்த வாரம் நான் பாக்கியம் வீட்டுக்குப் போனபோது தேய்க்கிற மேசை காலியாக இருந்தது. அந்த மேசையை நான் காலியாகப் பார்த்ததில்லை. "என்னாடி, லீவா?" என்றேன். "ஊரே லீவு குடுத்துருச்சுக்கா" என்றாள். வீணான துணி ஒன்றை வாத்தியார் அவள் முகத்துக்கு நேராக விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கிறார், அதை எடுத்துக் காட்டினாள். அப்போதுதான் அந்தக் கட்டத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. நான் பக்கிள் தைத்து அனுப்பினது. அவளிடம் சொன்னேன், மூட்டையில் இருந்த அட்டையைப் பற்றியும் சொன்னேன். அவள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்பைப் பற்ற வைத்து, நூலை நெருப்பில் காட்டினாள். நூல் சுருண்டு, உருகி, நுனியில் மிளகளவு கறுப்பு முத்தாக நின்றது. "கம்பளின்னா முடி கருகுன வாட வரணும், கையில தேச்சா பொடியாவணும்" என்றாள். "இது பிளாஸ்டிக் பைய எரிச்ச வாட. மொதல்லயே ஒரு நூல எரிச்சுப் பாத்திருக்கணுங்கா. எழுதியிருந்துச்சேன்னு விட்டுட்டேன்." அதன் பிறகும் அவள் தன்னைத்தான் குறை சொன்னாள். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். உனக்குப் பிடித்த நண்டுக் குழம்புதான் வைத்திருந்தேன். கோபத்தில் சமையலைக் கெடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நீ சாப்பிடும்போதே கேட்டேன்.

"பாக்கியத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டியாப்பா?"

"அம்மா, பாக்கியம் அத்த பாவம்தான். ஆனா நான் என்னா பண்ண முடியும்? இந்த வெலைக்கு யாரும்மா நெஜக் கம்பளி குடுப்பாங்க? வெலையப் பாத்தாலே தெரியும்லா."

"வெல பாத்தாலே தெரியும்னா, கம்பளின்னு எதுக்கு எழுதுன?"

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுறாங்க. நான் மட்டும் அக்ரிலிக்னு போட்டா ஒருத்தனும் கிளிக் பண்ண மாட்டான்."

"அப்ப தெரியாதவங்களாப் பாத்து விக்கிற."

"அய்யோ, நீங்க ஒரு ஆளு!" என்று சொல்லி, நண்டு ஓட்டை ஓரமாக ஒதுக்கி வைத்தாய். "பேண்ட்டுக்கு வேற துணி குடுத்தர்றேன், போதுமா? பதில மாத்துன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒண்ண மாத்துனா எல்லாரும் பணத்தத் திருப்பிக் கேப்பான். கல்யாணச் செலவு வேற இருக்கு."

அவ்வளவுதான் நீ சொன்னாய். கை கழுவிவிட்டுப் புது மூட்டையை எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டாய்.

உன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரை நான் புகழப் போவதில்லை, புகழும்படி அவர் என்னிடம் நடந்துகொண்டதும் இல்லை. ஆனால் விற்கத் தெரிந்தவர். எஸ்டேட் போன பிறகு பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சட்டை விற்றார். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட சட்டைகள். தஞ்சோங் காராங்கில் ஒரு நாள், சபாக் பெர்ணமில் ஒரு நாள், பாகான் நக்கோடா ஓமாரில் மீன்பிடிக்கிறவர்களுக்கு ஒரு நாள் என்று போவார். மேசை மேல் ஏறி நின்று கத்துவார், தமிழிலும் மலாயிலும். "வாங்க வாங்க! ஒரு கை நீளம், ஒரு கை கட்ட! பித்தான் ஒண்ணு கொறையும்! போட்டுப் பாத்து வாங்குங்க, அப்பறம் ஏங்கிட்ட வந்து அழாதீங்க!" ஜனம் சிரித்துக்கொண்டே வாங்கும். மீன்காரர் ஒருவர், "எனக்கு வலது கைதான்யா நீளம், அளவா இருக்கு" என்று இரண்டு எடுத்துப் போவார். குறையை மறைத்தால் என்ன என்று நான் கேட்டபோது, "அடுத்த வாரம் இதே மூஞ்சிங்கதான வரும்?" என்றார். அது நேர்மை என்றுகூட அவர் நினைக்கவில்லை. ஓடுகிற வழி அது. உனக்கு அந்த மூஞ்சிகள் தெரிவதில்லை. உன் கடைக்கு முன்னால் யாரும் வந்து நிற்பதில்லை. அதனால் அவர்கள் இல்லை என்று நினைத்துவிட்டாய். இந்த ஒரு தடவை மூஞ்சி தெரிந்தது. தெரிந்தும் நீ திருப்பிக்கொண்டாய்.

மலிவான பொருளை விற்பது தாழ்ந்த வேலை இல்லை. நானும் பாக்கியமும் வாழ்நாள் முழுக்க மலிவானதைத்தான் வாங்கினோம். விலை கூடியதை வாங்குகிறவன் ஏமாந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். மலிவானதை வாங்குகிறவனுக்கு அது ஒன்றுதான். அவனிடம்தான் கூடுதலாக உண்மை சொல்ல வேண்டும். நீ தலைகீழாகப் பிடித்துக்கொண்டாய், விலை குறைவு என்பதே பொய்க்கு உரிமம் என்று. நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், இந்தத் துணிக்கு என்ன எழுதலாம் என்று. "இது அக்ரிலிக் நூல். கம்பளி இல்லை. வெளிநாட்டுப் பட்டறையில் மெஷினில் மடித்தது. ஐந்து கெஜம். கட்டம் அழகுக்கு மட்டும், எந்த வம்சத்துக்கும் உரியது இல்லை. இடுப்பளவைத் தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து எடுங்கள், கால்சட்டை அளவைச் சொல்லாதீர்கள். சூடான இஸ்திரி படக்கூடாது. வெயிலில் எடுத்த படம் இது, நேரில் நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அரிக்காது, கனக்காது, வீட்டிலேயே துவைக்கலாம். பக்கிள்கள் இங்கே ஒரு தடவை சரிபார்க்கப்பட்டவை." கடைசி வரி என்னைப் பற்றியது. நான் செய்கிற வேலை அது. அதைச் சொல்ல எனக்குப் படம் தேவையில்லை. நம் வெயிலில் கம்பளி கட்டி நடக்கிற பிள்ளைக்கு உன் துணி உண்மையிலேயே சுகமானது. உன் பொருளுக்கு இருந்த நல்லதை நீ எழுதவே இல்லை.

இப்படிப்பட்ட கடிதங்களில் பெற்றவர்கள் நடுவில் தங்கள் மேலும் குற்றம் உண்டு என்று எழுதுவார்கள், நானும் படித்திருக்கிறேன். என் மேல் குற்றம் இல்லை. உன்னை நான் பொய் சொல்லி வளர்க்கவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுக்கவும் இல்லை. நீ படித்தவன், வளர்ந்தவன், கல்யாணம் பண்ணப் போகிறவன். செய்தது நீயே. அம்மா வேலைக்குப் போய்விட்டாள், அப்பா இல்லாமல் வளர்ந்தான் என்று யாராவது உனக்காகப் பேச வந்தால் அவர்களை உட்காரச் சொல்ல மாட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. காலையில் எழுந்து வாசல் பெருக்குகிறேன், முன்கூடத்தில் அவிழ்க்காத மூட்டைகளைச் சுற்றி நடந்து சாமி விளக்கை ஏற்றுகிறேன், லோரிகள் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போகிற சத்தத்தைக் கேட்கிறேன். நாக்கில் உப்பு உறைக்கவில்லை. உன் அக்கா இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்கிறாள். பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எஸ்டேட்டில் ஒரு மழை நாளில், ரப்பர்ப் பால் நிறுக்கிற கொட்டகையில், நான் பாலில் தண்ணீர் கலந்துவிட்டேன் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எல்லோர் முன்னாலும் என் வாளியைக் கவிழ்த்தார். வாளி மூடியைத் திறந்து மழையில் வைத்தவர் அவர்தான். கணக்கெழுதுகிற கிராணிக்கு அது தெரியும், பேசவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும், பேசவில்லை. உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியம் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், என்னோடு அதிகம் பழக்கம்கூட இல்லை. "மூடியத் தொறந்து வச்சது நீங்கதான மண்டோரய்யா, நான் பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அவளுக்கு மேட்டு நிரையை, ஏற்றத்திலிருக்கிற மர வரிசையை, ஒதுக்கினார்கள், ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே ஏறி இறங்கினாள். நான் கள்ளி இல்லை என்று இந்த ஊருக்குத் தெரிந்திருப்பது அவள் ஒரு வார்த்தை பேசியதால். இன்றைக்கு அவளுக்காக ஒரு வார்த்தை பேசக்கூடியவன் என் மகன் ஒருவன்தான். அவன் தரையைப் பார்க்கிறான்.

உன் கல்யாணப் பத்திரிகைகள் பெட்டியோடு அலமாரியில் இருக்கின்றன. முறைப்படி முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தேன், இரண்டாவதைத் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பாக்கியம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் குளித்து, நல்ல சேலை கட்டி, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "புள்ள நல்லா இருக்கட்டும்கா" என்றாள். பிறகு, "நான் வரலக்கா. அந்த வாத்தியாரும் வருவாரு, பேண்டு புள்ளைங்கள ஊத வைக்கிறதா சொன்னீங்களே. நான் பந்தியில ஒக்காந்தா நாலு பேரு பாப்பாங்க" என்றாள். நான் தட்டை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். மற்றப் பத்திரிகைகளை நான் யாருக்கும் வைக்கவில்லை. கோலா குபு பாருவில் பெண் வீட்டாருக்கு உன் அக்கா ஏதோ காரணம் சொல்லியிருக்கிறாள், எனக்கு உடம்பு சரியில்லை என்று. அதுவும் பொய். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று சம்பந்திகளுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆக வேண்டியது இது.

நீ உன் கடையின் முகப்பிலிருந்து என் படத்தை எடுக்க வேண்டும். கம்பளி, எட்டு கெஜம், கையால் மடித்தது, துரை வம்சம், பாட்டி, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். சத்தமில்லாமல் எடுத்தால் போதாது. முன்பு எழுதியது பொய் என்று அதே இடத்தில், அதே எழுத்துப் பருமனில் எழுத வேண்டும். ஏற்கெனவே வாங்கினவர்கள் ஒவ்வொருவருக்கும், அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கும், நீயே எழுத வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்யாண மண்டபத்தைச் சிறியதாக்கியாவது.

நீ பள்ளிக்கூட வாசலுக்கு, பிள்ளைகளை ஏற்றிப்போகப் பெற்றோர்கள் வருகிற நேரத்தில் போக வேண்டும். அவள் பேச்சு வாங்கின இடத்தில் நின்று, துணி கம்பளி இல்லை, கம்பளி என்று எழுதியது நான், அந்த அம்மா செய்த வேலை சரி என்று வாயால் சொல்ல வேண்டும். எழுதி அனுப்புவது செல்லாது.

பேண்ட் வாத்தியார், அதே பெற்றோர் குழுவில், தான் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். படத்தைப் போட்ட அம்மா, அதன் கீழேயே இதையும் போட வேண்டும். கண் தெரியவில்லை என்று எழுதியவர் யாரோ, அவருக்குத் தெரியும் அவர் யார் என்று.

உன் அக்கா எனக்காகப் பொய் சொல்வதை நிறுத்த வேண்டும்.

உனக்கு வரப்போகிறவள், தாலி ஏறுமுன் இதை ஒரு தடவை முழுக்கப் படிக்க வேண்டும். படித்து என்ன முடிவெடுத்தாலும் அது அவள் முடிவு.

நான், நீ இவற்றைச் செய்து முடிக்கும் வரை மூட்டையை அவிழ்க்க மாட்டேன், பத்திரிகை வைக்க மாட்டேன். முடித்துவிட்டால் மறுநாள் காலையில் இரண்டையும் தொடங்குவேன்.

பாக்கியம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உன்னை மன்னிக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு வர வேண்டியதில்லை. பெரிய மனசு பண்ணுங்கள் என்று நீயோ, நானோ, வேறு யாரோ அவள் வீட்டுப் படி ஏறக் கூடாது.